காணாமல் போன தண்ணீரும் என் மேற்பார்வையாளரும்

என் முன்னேற்ற அறிக்கை திரும்பி வந்தபோது, அத்தனை பக்கத்திலும் ஒரே ஒரு சொல்லைத்தான் பேராசிரியர் தேவகி வட்டமிட்டிருந்தார். ‘கசிவு’ என்ற சொல். சிவப்புப் பேனை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஒரு அறிக்கை முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால் கவலைப்படத் தேவையில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு யாரோடோ கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வட்டம் என்றால் அவர் பிழையைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்த வட்டத்தில் தொடங்கிய சண்டை என் கலாநிதிப் பட்டத்தைக் கவிழ்க்கப் பார்த்தது. அதைவிடப் பெரிய விஷயம், நாலு குடும்பத்தின் கத்தரித் தோட்டத்தையும் கவிழ்க்கப் பார்த்தது. இப்போது நான் பல்கலைக்கழக வளாகத்துக்கு அவ்வப்போது விரிவுரைக்குப் போகிறபோது, ஆராய்ச்சி மாணவர்கள் கன்ரீனில் ரகசியமாகக் கேட்கிறார்கள்: “சேர், சூப்பர்வைசரோட ஒத்துப்போகேல்லை, என்ன செய்யலாம்?” ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

1. பிள்ளையின் அப்பா

புதுக்குடியிருப்பில் ஒரு பாடசாலையில் நீண்ட காலம் விவசாய விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். தலைமுடி வெளுத்து, வயிறு பெல்ட்டை மறைக்கத் தொடங்கிய பருவத்தில் எனக்குக் கலாநிதி ஆசை வந்தது. அறிவுத் தாகம் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். உண்மைக் காரணம், மகளின் கல்யாண அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ஒரு ‘கலாநிதி’ இருந்தால் அழகாயிருக்கும் என்று தோன்றியதுதான். மகளுக்கு அப்போது கல்யாண யோசனையே இல்லை. எனக்கு அவசரம் இருந்தது.

கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்த அந்த வளாகத்துக்கு முதல் நாள் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் இருந்த காவலாளி எழும்பி நின்று மரியாதையாகக் கேட்டார்:

“பிள்ளையின்ட அப்பாவோ? பதிவு அங்கால, மற்றக் கட்டடம்.”

“பிள்ளை நான்தான்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சரி, அங்கால போங்கோ,” என்று அதே கட்டடத்தைக் காட்டினார்.

பேராசிரியர் தேவகி என்னைவிட வயதில் நன்றாக இளையவர். நீர்ப்பாசனத்தில் அவருடைய பெயர் கொழும்பிலும் தெரியும். அவருக்கும் முதல் பிரச்சினை என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான்.

“சேர் எண்டு சொன்னா நான் மாணவி மாதிரி இருக்கும். பேர் சொன்னா மரியாதை இல்லை,” என்றார். பிறகு அவரே தீர்ப்புச் சொன்னார். “இஞ்ச அறைக்குள்ள நீங்கள் குகதாசன். வாய்க்கால் கரைக்குப் போனா குகதாசன் அண்ணை. அங்க ஆக்களுக்கு முன்னால பேர் சொல்லிக் கூப்பிட்டா என்னைத்தான் பேசுவினம்.”

இந்த ஏற்பாட்டின் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை. அறைக்குள் அவர் சொல்வதை நான் கேட்க வேண்டும். வாய்க்கால் கரையில் நான் கொஞ்சம் முறைக்கலாம், அண்ணை அல்லவா?

நான் கொண்டுபோன புரொபோசலின் தலைப்பு: ‘வன்னிக் குளங்கள்: தோற்றம், வளர்ச்சி, எதிர்காலம்’. அவர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எத்தினை குளம்?”

“எல்லாம், மேடம்.”

“ஒரு குளம் காணும். அதிலயும் ஒரு வாய்க்கால். திறந்துவிடுற இடத்தில எவ்வளவு தண்ணி போகுது, கடைசி வயலுக்கு எவ்வளவு வந்து சேருது, இடையில மிச்சம் எங்க போகுது? உது மூண்டும் உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அப்ப எதிர்காலம் எழுதுறதைக் கொஞ்சம் ஒத்திவைப்பம்.”

தோற்றமும் வளர்ச்சியும் எதிர்காலமும் போய், எனக்கு ஒரு வாய்க்கால் மிஞ்சியது. அதுதான் எங்கள் முதல் கருத்து வேறுபாடு. அதில் நான் தோற்க எடுத்த நேரம் ஒரு பிளேன்ரீ ஆறுகிற நேரம்.

2. வாய்க்காலில் விழுந்த விதம்

குளம் துணுக்காய்ப் பக்கம். பெயர் எழுதமாட்டேன், காரணம் போகப்போக விளங்கும். அந்தக் குளத்தில் துருசு, அதாவது தண்ணீரைத் திறந்துவிடும் கதவு, ஒன்று. அதிலிருந்து இடப்பக்கம் ஒரு வாய்க்கால், வலப்பக்கம் ஒரு வாய்க்கால். எனக்குக் கிடைத்தது இடது வாய்க்கால். துருசடியில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி வயலடியில் ஒன்று என்று மூன்று அளவுத்தடிகளை நட்டு, நீரோட்ட மீற்றரைப் பிடித்துக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டி இறங்கினேன். போகிற வருகிறவர்கள், “வாத்தியார் மீன் பிடிக்கிறாரோ?” என்று கேட்டார்கள். முதலில் விளக்கம் சொன்னேன். பிறகு, “ஓம், விரால்,” என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

கணக்கு ஒரு இடத்தில் இடித்தது. நடுத்தடிக்கும் கடைத்தடிக்கும் இடையில் வயல்கள் எடுக்கிற தண்ணீரைக் கழித்த பிறகும் ஒரு பங்கு காணாமல் போய்க்கொண்டிருந்தது. மேடம், “மீற்றர் பிழையோ?” என்றார். மாற்றினேன். “தடி சரிஞ்சிட்டுதோ?” என்றார். திருப்பி நட்டேன். தண்ணீர் திரும்பத் திரும்பக் காணாமல் போனது.

காரணத்தை ஆராய்ச்சி முறைப்படி கண்டுபிடித்தேன் என்று எழுதத்தான் ஆசை. நான் வழுக்கி விழுந்தேன். விழுந்தவன் எழும்பக் கரையைப் பிடித்தால், கையில் ஒரு மண்சாக்கு வந்தது. சாக்கை இழுத்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய். தண்ணீர் அதற்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“சார், விழுந்துட்டீங்களா?”

கரைக்கு அந்தப் பக்கம், மண்வெட்டியோடு ஒரு பெண் நின்றார். பெயர் சரோஜா. பெற்றோர் மலையகத் தோட்டம் ஒன்றில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். இவர் பிறந்தது இங்கேதான். கரைக்கு அப்பால், பற்றைகளை வெட்டித் திருத்திய நிலத்தில் கத்தரி, மிளகாய், நிலக்கடலை எல்லாம் பச்சையாக நின்றன. நாலு குடும்பங்கள். காணிக்குப் பேர்மிட் இல்லை. பேர்மிட் இல்லாத காணிக்குக் குளத்துத் தண்ணீரும் இல்லை. அது சட்டம்.

“நீங்க ஆபீசு ஆளா சார்?” என்று கேட்டபோது அவருடைய கை மண்வெட்டிப் பிடியை இறுக்கியது. அடிப்பதற்காக இல்லை, பயத்தில்.

“இல்லையம்மா. நான் படிக்கிற ஆள்.”

“இந்த வயசுலயா?” என்றார். பயம் கொஞ்சம் போயிருந்தது.

விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் சிவபாதம் அண்ணையிடம் போய் மெல்லக் கேட்டேன். அவருடைய வயல் இடது வாய்க்காலில்தான். பாட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். கேட்டதும் அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் இருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார்.

“எந்தக் குழாய்?”

“கடைசி வயலுக்கு இஞ்சால, கரையில...”

“வாத்தியார், அந்தக் குழாய் எங்கட கண்ணுக்குத் தெரியாது. இஞ்ச ஒருத்தற்ர கண்ணுக்கும் தெரியாது. சரோஜாவையள்தான் எங்கட வயலுக்குக் களை பிடுங்கிறது, நெல்லு அருவி வெட்டுக்கு வாறது. அதுகள் இல்லாட்டி நாங்கள் இல்லை. ஆனா கூட்டத்தில ஆராவது வாயைத் திறந்தா, அதிகாரி எழுதோணும். எழுதினா மூடோணும். அதால ஒருத்தரும் திறக்கிறேல்லை.”

இதை நான் பிறகு கண்ணாலேயே பார்த்தேன். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று அதில்தான் தீர்மானிப்பார்கள். கடைசியில் அதிகாரி, “வேற பிரச்சினை இருக்கோ?” என்று கேட்பார். அந்த நேரம் இடது வாய்க்கால் கமக்காரர் எல்லோரும் ஒரே சமயத்தில் தலையை நிமிர்த்தி மண்டபத்தின் கூரைத் தகரத்தைப் பார்ப்பார்கள். அவ்வளவு கவனமாகக் கூரை பார்க்கும் மனிதர்களை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

3. வட்டம்

நானும் கூரையைப் பார்க்க முடிவு செய்தேன். அறிக்கையில், காணாமல் போன தண்ணீருக்கு ‘கசிவு’ என்று எழுதினேன். மண்ணுக்குள் இறங்கிப் போய்விட்டது. யாருக்கும் பொல்லாப்பு இல்லை.

வட்டமிட்ட தாளோடு அறைக்குள் போனேன்.

“குகதாசன், உந்த இடத்து மண் என்ன மண்?”

“களிமண், மேடம்.”

“ஆர் சொன்னது?”

“நான்தான். இரண்டாம் அத்தியாயத்தில.”

“இரண்டாம் அத்தியாயத்தில தண்ணி இறங்காத மண், நாலாம் அத்தியாயத்தில எப்பிடி இவ்வளவு தண்ணியை விழுங்கினது?”

அதற்குமேல் மறைக்க எனக்குத் தெரியவில்லை. குழாயைச் சொன்னேன், சரோஜாவைச் சொன்னேன், கூரை பார்க்கிறதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே முன்னுக்குச் சாய்ந்தார். நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன், அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

“இதுதான் உங்கட ஆய்வு. மிச்சத்தை விட்டிட்டு இந்தக் குழாய்க்குப் பின்னால போங்கோ. எவ்வளவு எடுக்கினம், என்ன விளைவிக்கினம், எல்லாம் அளவுங்கோ.”

“எழுதினா மூடிப்போடுவினம், மேடம்.”

“கசிவு எண்டு எழுதினா என்ன நடக்கும் தெரியுமோ?” மேசையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். குளங்களைத் திருத்தும் ஒரு திட்டம் வந்திருந்தது. எந்த வாய்க்காலில் கசிவு கூட என்று வளாகத்திடம் அளவு கேட்டிருந்தார்கள். “கசிவு கூடின வாய்க்காலுக்குச் சீமெந்து போடுவினம். கரை முழுக்கப் பூசுவினம். உங்கட சாக்கு, குழாய் எல்லாம் அதுக்குள்ள போயிடும். நீங்கள் இரக்கப்பட்டு எழுதின சொல்லுத்தான் அந்தத் தோட்டத்தைக் காயவைக்கும்.”

வாய் அடைத்த மனிதனுக்குக் கோபம் வரும்.

“அப்ப இந்த வாய்க்காலை விடுவம். நான் வேற குளத்துக்குப் போறன்.”

“விட்டிட்டுப் போனா திட்டக்காரர் வரமாட்டினமோ? வருவினம். அளவில்லாமல் வருவினம்.”

“நான் குழாயைப் பற்றி எழுதமாட்டன், மேடம். அது ஆய்வில்லை. காட்டிக்குடுப்பு.”

அந்தச் சொல் வன்னியில் லேசான சொல் இல்லை. ஒரு காலத்தில் அந்தச் சொல்லோடு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினால், பிறகு அந்த வீட்டில் விளக்கு எரியாது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். அவர் கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

“சரி. போயிட்டு வாங்கோ,” என்றார். அறைக்குள்தான் இருந்தோம், ஆனாலும் என் பெயரைச் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குப் போய், மேற்பார்வையாளரை மாற்றித் தரும்படி பீடாதிபதிக்கு, அதாவது டீனுக்கு, ஒரு விண்ணப்பம் எழுதினேன். நான் எழுதிய உரைநடையில் மிகச் சிறந்தது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ‘மனச்சாட்சி’ என்ற சொல் அதில் பல இடங்களில் வந்தது. மனைவி பத்மா குசினிக்குள் இருந்து வந்து, ஈரக் கையால் தாளின் ஓரத்தைப் பிடித்து வாசித்தாள்.

“என்ன பிழை விட்டவா அவா?”

“நான் எழுதினதுக்கெல்லாம் கேள்வி கேக்கிறா.”

“நானும் கேக்கிறன். என்னையும் மாத்தப் போறியளோ? அதுக்கு ஆருக்கு எழுதுறது?”

விண்ணப்பத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். முதலில் என் அளவுத்தடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவோம், பிறகு கொடுப்போம் என்று யோசித்தேன்.

4. ஸ்கூட்டி

அடுத்த நாள் வாய்க்காலுக்குப் போனால், கரையில் மேடத்தின் ஸ்கூட்டி நின்றது. கிளிநொச்சியில் இருந்து அந்த ரோட்டில் ஸ்கூட்டியில் வருவதற்கு இடுப்பில் நல்ல துணிவு வேண்டும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, சரோஜாவோடு வரம்பில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“வாங்கோ அண்ணை,” என்றார். “நேற்றுச் சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டாம். அது சரியோ எண்டு பாக்கத்தான் வந்தனான்.”

முப்பது வயதுக்குமேல் ஒருவரும் தங்கள்மீது வந்த குற்றச்சாட்டைச் சரிபார்க்க இவ்வளவு தூரம் வருவதை நான் கண்டதில்லை. என் சட்டைப் பைக்குள் மனச்சாட்சி கசங்கிக்கொண்டிருந்தது.

அவர் சரோஜாவிடம் நேராகக் கேட்டார்: “அக்கா, இந்தக் குழாயைப் பற்றி நாங்கள் எழுதினா உங்களுக்குப் பிரச்சினை வருமோ?”

“எழுதலைன்னாலும் பிரச்சினதாங்க மேடம்,” என்றார் சரோஜா. “ஜீப் சத்தம் கேட்டா ஓடிப்போய் சாக்க வச்சு மூடுறோம். சில நாளு அது பால் சேகரிக்க வர்ற வண்டியா இருக்கும். அதுக்கும் மூடிருவோம். கத்தரிக்கு எங்கிருந்து தண்ணி பத்தும்?”

“வாய்க்கால் நல்ல துப்பரவாக் கிடக்குது,” என்றார் மேடம், சும்மா சொல்வதுபோல.

“நாங்கதாங்க செதுக்குறோம். புல்லு மண்டுனா தண்ணி மட்டம் குழாய்க்கு ஏறாதுல்ல. துருசடி வரைக்கும் இழுத்துப் போட்டுருவோம்.”

“வலது வாய்க்காலை ஆர் செதுக்கிறது?”

“யாரு செதுக்குவா? அங்கதான் குழாயே இல்லையே!” என்று சரோஜா சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு ஒரு போகம் முழுக்க வேலை வைக்கப்போகிறது என்று விளங்கிவிட்டது.

“அண்ணை, வலது வாய்க்காலையும் அளவுங்கோ.”

“ஏன்? அங்க ஒரு பிரச்சினையும் இல்லையே.”

“அதுக்காகத்தான்.”

அங்கேயே மறுபடியும் சண்டை தொடங்கியது. வாய்க்கால் கரை என்பதால் நான் அண்ணை; குரலை உயர்த்தினேன். என் படிப்புக் காலம் முடிந்துகொண்டு வருகிறது என்றேன். இன்னொரு போகம் தண்ணீருக்குள் நின்றால் என் முழங்காலுக்குத்தான் கலாநிதிப் பட்டம் கிடைக்கும் என்றேன். எது வந்தாலும் இந்த ஆட்களுக்குத் தெரியாமல் இங்கிருந்து ஒரு அளவும் வெளியே போகக்கூடாது என்றேன்.

கடைசியாகச் சொன்னதைச் சரோஜா பிடித்துக்கொண்டார். “அந்த சார் சொல்றது நல்லா இருக்குங்க. எழுதுங்க. ஆனா எங்ககிட்ட மொதல்ல சொல்லிட்டு எழுதுங்க.”

மேடம் சரோஜாவிடம் திரும்பினார். “சரி. அது உங்கட ஆக்களுக்கும் கமக்காரருக்கும் தெரிஞ்ச பிறகுதான் வளாகத்தை விட்டு வெளியில போகும். திட்டக்காரருக்கு அளவு முடியேல்லை எண்டு எழுதுறன். அதுவும் உண்மைதானே.” பிறகு என்னிடம், “உதில நீங்கள் வென்றிட்டியள் அண்ணை. வலது வாய்க்காலில நான் வென்றனான். சரியோ?”

தடிகளைப் பிடுங்க வந்தவன், இன்னும் மூன்று தடி நடுவதற்கு இடம் பார்த்துவிட்டுப் போனேன்.

5. கூரை பார்க்காத கூட்டம்

வலது வாய்க்காலில் நான் பட்ட பாட்டை விவரிக்கப்போவதில்லை. அங்கே புல்லும் பாசியும் மண்டி, தண்ணீர் கரையைக் கடந்து தரிசுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அங்கே விழுந்தால் பிடிக்கச் சாக்கும் இல்லை. ஆனால் கணக்கு வந்து நின்ற இடத்தைப் பார்த்து மறுபடியும் முதலில் இருந்து கூட்டினேன். வலது வாய்க்காலின் கடைசி வயலுக்கு வருவதைவிட, இடது வாய்க்காலின் கடைசி வயலுக்குத்தான் கூடத் தண்ணீர் வந்தது. குழாய் எடுத்த பிறகும்! சரோஜாவின் ஆட்கள் எடுத்துக்கொண்டது, அவர்கள் செதுக்கியதால் மிச்சமான தண்ணீரில் ஒரு பங்குதான்.

நான் எழுதிய ‘கசிவு’ பொய் என்பது எனக்கு முதலே தெரியும். ‘களவு’ என்பதும் பொய்தான் என்று அளந்த பிறகுதான் தெரிந்தது. என் இரக்கம் முதலாவதோடு நின்றுவிட்டது. இரண்டாவதுக்கு மேடத்தின் பிடிவாதம் வேண்டியிருந்தது.

தாளைச் சிவபாதம் அண்ணையிடம் காட்டினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அது நல்ல அறிகுறி.

“முந்தி எங்கட அப்பு காலத்தில,” என்றார், “வாய்க்காலைப் பாக்கிற ஆளுக்குப் போகத்தில ஒரு பங்கு குடுக்கிறது. பேந்து அந்த வேலைக்கு ஒருத்தரும் வரேல்லை. பங்கும் போச்சு.” தாளைத் திருப்பிப் பார்த்தார். “அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கு, என்ன? நாங்கள்தான் பங்கு குடுக்கேல்லை.”

சிறுபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு மேடமும் வந்து பின்வரிசைக் கதிரையில் இருந்தார். நான் படங்களோடு பெரிய பிரசென்டேஷன் ஒன்று தயாரித்திருந்தேன். மண்டபத்தில் கரண்ட் இல்லை. கடவுள் சில நேரம் கேட்பவர்களின் பக்கம் நிற்கிறார்.

ஏக்கர் தீர்மானித்து, திகதி தீர்மானித்து முடிந்தது. அதிகாரி இளம் ஆள், அமைதியானவர். “வேற பிரச்சினை இருக்கோ?” என்றார்.

எல்லோரும் பழக்கதோஷத்தில் கூரையைப் பார்த்தார்கள். சிவபாதம் அண்ணை எழும்பினார்.

“சேர், வாய்க்கால் பாக்க ஆள் போடோணும். வாத்தியார் அளந்து வைச்சிருக்கிறார். சொல்லுவார்.”

நான் எழும்பி, செதுக்கின வாய்க்காலுக்கும் செதுக்காத வாய்க்காலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். நன்றாகத்தான் போனது. உற்சாகத்தில், “இத்தனைக்கும் இடது வாய்க்காலில அந்தக் குழா...” என்று தொடங்கினேன். சிவபாதம் அண்ணைக்கு அப்படி ஒரு இருமல் வந்தது. தண்ணீர் கொடுக்க ஆள் ஓடியது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

இருமல் நின்றதும் அவரே தொடர்ந்தார். “சரோஜாவையள் நாலு குடும்பமும் ரண்டு வாய்க்காலையும் பாக்கட்டும். கூலி வேண்டாம். பங்காத் தண்ணி குடுப்பம்.”

வலது வாய்க்காலில் வயல் வைத்திருந்த நாகராசா எழும்பினார். “இண்டைக்குத் தண்ணி. நாளைக்குக் காணி கேப்பினம்.”

“அப்ப நீ செதுக்கு, நாகராசா. பங்கை உனக்குத் தாறம்.”

நாகராசா தன் இடுப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்துக்கு வெளியே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரோஜா நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அதிகாரி அவரைப் பார்த்தார், சிவபாதம் அண்ணையைப் பார்த்தார், கடைசியாகக் கூரையையும் ஒரு தரம் பார்த்தார்.

“தண்ணியை என்னெண்டு குடுப்பியள்?”

“கரையில ஒரு குழாய் வைச்சு, சேர்.”

“எந்தக் குழாய்?”

“இனி வைக்கப்போற குழாய், சேர்.”

கை உயர்த்தச் சொன்னார்கள். இடது பக்கம் முழுக்க உயர்ந்தது. வலது பக்கமும் மெல்ல மெல்ல உயர்ந்தது. அவர்களுடைய வாய்க்காலையும் யாரோ செதுக்கப்போகிறார்கள் அல்லவா? அதிகாரி எழுதினார்: வாய்க்கால் பராமரிப்புக்குப் பதிலாக, புதிதாக ஒரு குழாய் பொருத்த அனுமதிக்கப்படுகிறது.

வெளியே வந்ததும் நான் மேடத்திடம் மெல்லக் கேட்டேன். “இனி வைக்கப்போற குழாயாம். நீங்கள் பொய்யெண்டால் ஒரு சொல்லையும் விடமாட்டியளே?”

“கூட்டம் அவையளின்ட, அண்ணை. ஆய்வுதான் எங்கட. அதில குழாய் முந்தியே இருந்தது எண்டுதான் வரும். குளத்தின்ட பேர் வராது.”

ஒரு சிக்கல் இருந்தது. புதுக் குழாய் பொருத்தும் நாளில் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். எனவே முதல் நாள் எல்லோரும் சேர்ந்து பழைய குழாயைத் தோண்டி எடுத்து, கழுவி, வெயிலில் காயவைத்து, மறுநாள் அதிகாரிக்கு முன்னால் அதே குழியில் புதிதாகப் பொருத்தினார்கள். சிவபாதம் அண்ணை தேங்காய் உடைத்தார். அதிகாரி குனிந்து பார்த்தார்.

“புதுக் குழாயில கொஞ்சம் பாசி பிடிச்சிருக்கு,” என்றார்.

“ஈர மண்ணுல்லீங்களா சார்,” என்றார் சரோஜா. “ஒடனே புடிச்சிருச்சு.”

அதிகாரி, “ஓம், இந்தப் பக்கத்து மண் அப்பிடித்தான்,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் சத்தம் கேட்டு யாரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடாத முதல் நாள் அது. சரோஜா மட்டும் பழக்கத்தில் ஒரு அடி வைத்துவிட்டு நின்றுகொண்டார்.

சீமெந்து பிறகு வலது வாய்க்காலுக்குப் போனது. நாகராசாவின் வயலுக்கு இப்போது நேரத்துக்குத் தண்ணீர் வருகிறது. அவர் இதுவரை ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை.

6. இரண்டாவது வட்டம்

சண்டை அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். சரோஜாவைப் பற்றி நான் உருகி எழுதிய ஒரு அத்தியாயத்தை மேடம் ஒரு அட்டவணையின் ஒற்றை வரியாகச் சுருக்கினார். ‘பராமரிப்புக்கான நீர்ப் பங்கு’. நான் மல்லுக்கு நின்றேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியில் இருந்து வந்த பரிசோதகர் வேறு எதையும் கேட்காமல் அந்த ஒற்றை வரியைத்தான் அரை மணித்தியாலம் கேட்டார். மேடம் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உருகியது உருகியபடியே இருந்திருந்தால் பரிசோதகர் அனுதாபம் தெரிவித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்.

ஆகவே, கன்ரீனில் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சூப்பர்வைசரோடு முரண்படுங்கள், கட்டாயம் முரண்படுங்கள். நான் முரண்படாமல் இருந்திருந்தால் அந்த அளவுகள் அந்த ஆட்களுக்குத் தெரியாமல் எங்கேயோ போயிருக்கும். ஆனால் அவர் கேட்கிற கேள்வியை உங்கள் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் எதிரி, அந்தக் கேள்வி வராமல் இருக்க நீங்கள் தேடிப் பிடித்த அந்த வசதியான சொல்தான். சண்டை முற்றினால் இருவரும் அறையை விட்டு வெளியே வாருங்கள்; நீங்கள் எதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்களோ அந்த இடத்துக்குப் போய்ப் பிடியுங்கள். பீடாதிபதிக்கு எழுதுவதானால் எழுதுங்கள். சட்டைப் பையில் வைத்து ஒருமுறை வாய்க்காலுக்குப் போய்வந்த பிறகு கொடுங்கள். என்னுடையதைப் பத்மா சட்டையோடு சேர்த்துத் தோய்த்துவிட்டாள்.

மகளின் கல்யாண அழைப்பிதழில் ‘கலாநிதி’ வந்தது. அச்சகத்தில் அதை மட்டும் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

ஆய்வேட்டின் முன்பக்கத்துக்கு நன்றியுரை எழுதும்போது, எனக்கு அடங்கவில்லை. பேராசிரியர் தேவகிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். முடிவில், ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று முடித்துக் கையெழுத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. ஒரே ஒரு சொல்லில் சிவப்பு வட்டம்: ‘எல்லாவற்றுக்கும்’. பக்கத்தில் சின்னதாக, ‘எவை?’

அப்போது பதில் எழுத நேரம் இல்லை. பைண்டிங்குக்குக் கொடுக்கவேண்டிய கடைசி நாள். அந்த வரியையே வெட்டிவிட்டுக் கொடுத்தேன். பதில் இப்போதுதான் எழுதி முடிந்திருக்கிறது, மேடம். சரிபார்த்து அனுப்புங்கோ.